கூடைப்பந்து நடுவர் கண்ணை எங்கே வைத்திருக்க வேண்டும்?

மாவட்ட நடுவர் தேர்வில் தேறி, இரண்டு நடுவர் முறையில் பள்ளி, கிளப் ஆட்டங்களுக்கு விசில் பிடிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். “பந்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே” என்று மூத்த நடுவர்கள் சொல்கிறார்கள். பந்தைப் பார்க்காவிட்டால் டிராவலிங்கும் (பந்தோடு விதியை மீறி அடி வைப்பது) டபுள் டிரிபிளும் (நிறுத்திய டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டுவதை, மறுபடி தொடங்குவது) எப்படிப் பிடிபடும், பந்தைப் பார்த்தால் கூடைக்கு அடியில் நடக்கும் தள்ளுமுள்ளு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணை எந்தப் பக்கம் திருப்புவது என்பதாகத்தான் கேள்வி வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் தவிப்பது வேறொன்றுக்காக என்று நினைக்கிறேன்: களத்தில் இருக்கும் பத்துப் பேரில் இந்த நொடி யார் என் பொறுப்பு, யாரைத் தைரியமாக விட்டுவிடலாம்? அதற்கு விடை கிடைத்துவிட்டால் கண் தானாக அங்கே போகும். நான் சொல்வதெல்லாம் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிகளையும் இரண்டு நடுவர் முறையையும் வைத்துத்தான். மூன்று பேர் நிற்கும்போது பங்கீடு மாறும்.

இந்தத் தவிப்பு விளையாட்டோடு சேர்ந்தே பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். அம்பயர் ஆட்களைப் பார்த்து ஃபவுலைக் குறிக்க வேண்டும். ரெஃப்ரி பந்தைப் பார்த்து, அது ஆட்டத்தில் இருக்கிறதா, வெளியே போனதா, யாருக்குச் சேரும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆளைப் பார்ப்பதும் பந்தைப் பார்ப்பதும் இரண்டு வேலைகள், ஒருவரால் ஒரே நேரத்தில் இரண்டையும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்றைய முறையில் விசில் ஊதுவதில் இரு நடுவர்களுக்கும் ஒரே அதிகாரம்தான். ஆனால் அந்தப் பிரிவினை நொடிக்கு நொடி உங்களுக்கும் உங்கள் பார்ட்னருக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருக்கிறது.

முடியாது என்பதற்குக் கண்ணின் அமைப்பே முதல் காரணம். நமக்குத் துல்லியமாகத் தெரியும் பகுதி ஏறத்தாழ 2 டிகிரிதான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த விரலின் அகலம். 5 மீட்டர் தொலைவில் அது ஒரு சாண்கூட வராது. ஆண்கள் ஆடும் பந்தின் விட்டமே சுமார் 24 செ.மீ. இருக்கும். அதாவது பந்தின் மேல் பார்வையை நட்டுவிட்டால், உங்களிடம் இருக்கும் கூர்மையான பார்வை முழுவதையும் பந்தே விழுங்கிவிடுகிறது. சுற்றியுள்ள கையும் இடுப்பும் காலும் மங்கலாகத்தான் கிடைக்கும். இரண்டாவது காரணம் கவனம். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைச் சட்டைக் குழுவும் கறுப்புச் சட்டைக் குழுவும் கூடைப்பந்தைப் பாஸ் செய்யும் காட்சியைக் காட்டி, ஒரு குழுவின் பாஸ்களை மட்டும் எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. எதைத் தேட வேண்டும் என்று மனம் முடிவு செய்திருக்கிறதோ அதுதான் தெரியும். “என் கண் முன்னாலேயே நடந்தது, ஆனால் நான் பார்க்கவில்லை” என்று ஒரு நடுவர் சொன்னால் பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

இனி பங்கீடு. கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான பேஸ்லைனுக்கு வெளியே நிற்பவர் லீட், ஆட்டத்துக்குப் பின்னால் நிற்பவர் டிரெயில் என்பது உங்களுக்குத் தெரியும். பந்து மேலே, நடுக்கோட்டுப் பக்கமாக இருக்கும்போது அது டிரெயிலுக்குச் சொந்தம். அப்போது லீட் பந்தைப் பார்க்கவே தேவையில்லை. பெயிண்ட்டை (கூடைக்கு முன்னுள்ள செவ்வகப் பகுதி) சுற்றி இடம் பிடிக்கச் சண்டையிடும் ஜோடிகள்தான் அவர் வேலை. பந்து கீழே லோ போஸ்ட்டுக்கு, அதாவது கூடைக்கு அருகே பெயிண்ட்டின் ஓரத்துக்கு வந்ததும் லீட் அதை எடுத்துக்கொள்கிறார். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: பந்து கைமாறியது போலவே டிரெயிலின் கண்ணும் கைமாற வேண்டும். பந்து லீட் பக்கம் போன பிறகும் டிரெயில் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நான்கு கண்கள் ஒரு பந்தின் மேலும், எட்டு ஆட்டக்காரர்கள் கேட்பாரற்றும் இருப்பார்கள். வெட்டி ஓடும் ஆளின் சட்டையைப் பிடித்து இழுப்பதும், ஷூட்டருக்காக வைக்கும் நகரும் ஸ்கிரீனும் (சக ஆட்டக்காரருக்காக எதிராளியின் வழியை உடம்பால் மறிப்பது) அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. பந்து உங்கள் பகுதியை விட்டுப் போன கணத்தில் “அடுத்த ஜோடி யார்?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியாக நிற்பவரைப் பார்ப்பதில் பயனில்லை. ஒருவரோடு ஒருவர் உரசும் தொலைவில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போங்கள்.

பந்து உங்கள் பகுதியில் இருக்கும்போதும் பந்தைப் பார்க்க வேண்டியதில்லை, டிஃபெண்டரைப் பாருங்கள். நடுவர் பயிற்சிகளில் கிடைக்கும் அறிவுரைகளில் எனக்கு அதிக மதிப்புள்ளதாகத் தோன்றுவது இதுதான். டிஃபெண்டர் சட்டப்படியான தடுப்பு நிலையை எடுத்தாரா, அதாவது எதிராளியை நோக்கி நின்று இரண்டு பாதங்களும் தரையில் பட்டனவா? அதன் பிறகு அவர் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நகரலாம். மோதல் நெஞ்சில் வந்ததா, அல்லது அவர் இடுப்பையும் முழங்காலையும் நீட்டி வழியை மறித்தாரா? கை தன் உடம்புக்கு மேலே இருக்கும் வெற்றிடத்துக்குள், அந்தக் கற்பனை உருளைக்குள் இருக்கிறதா? டிஃபெண்டர் எந்தத் தவறும் செய்யவில்லை என்று முதலிலிருந்தே பார்த்துத் தெரிந்திருந்தால், மோதல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அவர் மேல் ஃபவுல் ஆகாது. தாக்குபவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கோ அவர் விழுந்தது மட்டும்தான் தெரியும், விழுந்ததை வைத்து விசில் ஊதிவிடுவார். பெஞ்சிலிருந்து எழும் கூச்சல்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

அப்படியானால் டிராவலிங்? பார்வையைப் பந்துக்கும் தரைக்கும் நடுவில், இரு ஆட்டக்காரர்களின் இடுப்பு உயரத்தில், அவர்களுக்கு இடையே உள்ள வெளியில் வையுங்கள். 3 முதல் 6 மீட்டர் தொலைவில் நின்றால் கையும் காலும் டிஃபெண்டரும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். 2 மீட்டருக்குள் போய்விட்டால் கால் தெரியாது. டிராவலிங் நேரும் தருணங்களும் சிலவே: பாஸைப் பிடிக்கும்போது, டிரிபிளைத் தொடங்கும்போது, டிரிபிளை முடித்துப் பந்தை எடுக்கும்போது, போஸ்ட்டில் சுழலும்போது. அந்த நேரங்களில் மட்டும் கண்ணை ஒரு கணம் காலுக்கு இறக்கினால் போதும். பந்து கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது எந்தக் கால் தரையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. 2017 முதல் நடைமுறையில் உள்ள ஃபிபா விதிப்படி, ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு, பிடித்த கணத்தில் தரையில் இருந்த கால் கணக்கில் வராது. அதன் பிறகுதான் முதல் அடி, இரண்டாம் அடி. அந்த முதல் கணத்தைத் தவறவிட்டவர் அடி எண்ணினால் கட்டாயம் தப்பாகத்தான் எண்ணுவார். பார்க்கவில்லை என்றால் ஊதாதீர்கள். ஆட்டம் விநோதமாகத் தெரிந்தது என்பது டிராவலிங் ஆகாது.

எங்கே பார்ப்பது என்பதோடு ஒட்டிப் பிறந்தது எங்கே நிற்பது. இரண்டு உடம்புகளுக்கு நடுவே இடைவெளி உங்களுக்குத் தெரிய வேண்டும். லோ போஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். தாக்குபவர் கூடைக்கு முதுகு காட்டி நிற்கிறார், டிஃபெண்டர் அவருக்கும் கூடைக்கும் நடுவில். லீட் பேஸ்லைனில், பெயிண்ட்டின் விளிம்புக்கு உள்ளே நின்றால் தெரிவது டிஃபெண்டரின் முதுகு மட்டும். முதுகில் இருக்கும் எண்ணைப் படிக்கலாம், ஃபவுலைப் பார்க்க முடியாது. சைடுலைன் பக்கமாக ஓரடி, இரண்டடி நகர்ந்தால் போதும், இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். இப்போது நான்கு விஷயங்கள் கிடைக்கின்றன: டிஃபெண்டரின் முன்னங்கை தாக்குபவரின் இடுப்பில் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா அல்லது நீட்டித் தள்ளுகிறதா, முழங்கால் தொடைக்கு அடியில் புகுந்திருக்கிறதா, தாக்குபவர் தோளை இறக்கி டிஃபெண்டரின் நெஞ்சைப் பெயர்க்கிறாரா, பேஸ்லைன் பக்கம் சுழலும்போது முழங்கையால் டிஃபெண்டரின் இடுப்பைக் கொக்கி போட்டு இழுக்கிறாரா. கடைசியாகச் சொன்னது மிக அதிகமாகத் தப்பிவிடும். ஏனென்றால் அந்த நொடியில் பந்து மேலே எழும், நடுவரின் கண்ணும் கூடவே எழும். உடம்புகளுக்கு மறுபுறம் மறைந்திருக்கும் கை லீடுக்கு எப்படி நின்றாலும் தெரியாது, அது டிரெயிலின் பங்கு. இடைவெளி மூடிக்கொண்டால் ஆட்டக்காரர்கள் நகரும் திசையிலேயே நீங்களும் நகராதீர்கள், எதிர்த்திசையில் ஓரடி வையுங்கள். முடிவெடுக்கும் கணத்தில் நின்றுகொண்டிருங்கள். ஓடும்போது தலை ஆடும், தலை ஆடினால் எதிரில் நடப்பது தெளிவாகத் தெரியாது.

டிரைவ் வரும்போது, அதாவது ஒருவர் பந்தைத் தட்டியபடி கூடையை நோக்கிப் பாயும்போது, இரு நடுவர்களும் ஒரே இடத்தைப் பார்ப்பது வழக்கமான தவறு. டிரெயில் பகுதியில் தொடங்கிய டிரைவை டிரெயிலே கடைசி வரை கொண்டுபோக வேண்டும்: பந்து வைத்திருப்பவர், அவரைத் துரத்தி வரும் டிஃபெண்டர், இருவரும் அவருடையவர்கள். லீட் கண்ணைத் தூக்கிப் பந்தை வரவேற்கக் கூடாது. உதவிக்கு ஓடிவரும் இரண்டாவது டிஃபெண்டர்தான் அவருடைய ஆள். அவர் பாதம் எப்போது நிலைத்தது, தாக்குபவர் தரையை விட்டு எழும்பும் முன்பா பின்பா என்பதை மோதலுக்கு முன்பே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் சொல்ல முடியும். எழும்பிய பிறகு வழியில் வந்து நின்றால் தவறு டிஃபெண்டருடையது. கூடைக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் இருக்கிறது. உள்ளே நுழைந்து வந்தவர் பந்தோடு காற்றில் இருக்கும்போது ஷூட்டோ பாஸோ செய்ய, அந்தக் கோட்டிலோ உள்ளேயோ ஒரு காலாவது வைத்திருக்கும் டிஃபெண்டர் மீது மோதினால், அவர் கையையோ காலையோ தவறாகப் பயன்படுத்தியிருந்தாலொழியத் தாக்குதல் ஃபவுல் கிடையாது. இதையும் லீடுதான், பாதத்தைப் பார்த்தபடியே கவனிக்க வேண்டும். நம் ஊர்ச் சிமெண்ட் தளங்களில் இந்த அரைவட்டம் பல இடங்களில் அழிந்துபோய்க் கிடக்கிறது. ஆட்டத்துக்கு முன் சாக்பீஸால் போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஷூட்டுக்கு வருவோம். பந்து கையை விட்டுப் போனதும் ரசிகர்களைப் போலவே நடுவரும் அண்ணாந்து பார்ப்பதுதான் மாற்றிக்கொள்ள மிகக் கடினமான பழக்கம். பந்து கூடைக்குள் போனதா என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள், ஷூட்டரின் கால் எங்கே இறங்கியது என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான். ஷூட்டரைப் பார்க்கும் நடுவர் அவர் இரண்டு பாதங்களும் தரைக்குத் திரும்பும் வரை அவரை விடக் கூடாது. தடுக்கப் பாய்ந்தவர் அவர் இறங்கும் இடத்தில் காலை விட்டால் கணுக்கால் பிரண்டு ஒரு சீசனே போய்விடும். இந்த ஃபவுலைத் தவறவிடுவது புள்ளிக் கணக்கைவிடப் பெரிய தீங்கு. த்ரீ பாயிண்டர் என்றால் எழும்பும் முன் 6.75 மீட்டர் கோட்டைப் பாதம் தொட்டதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும். பந்து பறப்பதையும், கோல்டெண்டிங்கையும் (கூடையை நோக்கி இறங்கும் ஷூட்டைத் தொடுவது), குவார்ட்டர் முடியும்போது பந்து கையை விட்டதா என்பதையும் டிரெயில் பார்க்கிறார். ஆகவே தன் பகுதியில் ஷூட் எடுக்கப்பட்டால் அவருக்கு இரட்டை வேலை: முதலில் ஷூட்டர், பிறகு கூடை. லீட் அந்த நேரத்தில் ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) இடம் பிடிப்பவர்களின் இடுப்பையும் கைகளையும் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் நின்று மேலே எட்டிப் பந்தை எடுப்பது குற்றமல்ல. முன்னால் நிற்பவர் தள்ளப்பட்டு இடம் பெயர்ந்தாரா என்பதுதான் கேள்வி.

ஸ்கிரீனில் வைப்பவரின் பாதத்தையும் இடுப்பையும் பாருங்கள். மோதும் கணத்தில் அவர் அசையாமல், தன் உருளைக்குள், இரண்டு பாதமும் தரையில் வைத்திருக்க வேண்டும். நின்றுகொண்டிருப்பவரின் பார்வைக்கு அப்பால், பின்புறமாக வைத்தால், அவர் திரும்பி இயல்பாக ஓரடி எடுத்துவைக்க இடம் விட்டிருக்க வேண்டும். ஓடிவருபவருக்கு வைத்தால், நிற்கவோ திசை மாற்றவோ ஓரடி முதல் இரண்டடி. மேலே பந்து வைத்திருப்பவருக்காக வைக்கும் ஸ்கிரீன்தான் சிக்கல். டிரெயிலின் கண் முன்னால் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பேர். போஸ்ட்டில் மோதல் எதுவும் இல்லாதபோது ஸ்கிரீன் வைப்பவரை லீட் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் பளு குறையும்.

ஆட்டம் நின்றிருக்கும்போது கண் ஓய்வெடுக்கக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஃபவுலை ஸ்கோர் எழுதும் டேபிளுக்கு ஒருவர் தெரிவிக்கும்போது மற்றவர் பந்தைத் தேடிப் போகாமல், பத்துப் பேரும் தெரியும் இடத்தில் நின்று அவர்களைப் பார்க்க வேண்டும். கைகலப்புகள் பெரும்பாலும் விசிலுக்குப் பின்னால்தான் தொடங்குகின்றன. நீங்களே ஊதியிருந்தாலும் உடனே டேபிள் பக்கம் திரும்பாமல், மோதிய இருவரும் பிரிந்தார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எதிர்த்தாக்குதலில் புதிய லீடாக ஓடும்போது தலையைத் தாழ்த்தி ஓடாதீர்கள். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, இரண்டுக்கு ஒன்றா, மூன்றுக்கு இரண்டா என்று எண்ணுங்கள். ஷூட் எடுக்க மீதமுள்ள நேரத்தைக் காட்டும் 24 நொடிக் கடிகாரத்தை ஒரு அணிக்குப் பந்து புதிதாகக் கிடைத்ததும் ஒருமுறை பாருங்கள்: 24க்குப் போனதா, தாக்கும் அணியே ரீபவுண்டை எடுத்திருந்தால் 14க்குப் போனதா. பிறகு நெருக்கடி இல்லாத வெளிப்பாஸ்களின் நடுவே ஒரு பார்வை போதும்.

இதுவரை சொன்னவற்றில் விதிகளும் கண்ணின் எல்லையும் உறுதியானவை. நிற்கும் தூரம், பங்கீட்டின் விவரங்கள் ஆகியவை நடைமுறை. நீங்கள் பணியாற்றும் சங்கத்தின் பயிற்சியாளர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். ஏனென்றால் பார்ட்னரோடு ஒத்துப்போகும் சுமாரான பங்கீடு, ஒத்துப்போகாத சிறந்த பங்கீட்டைவிட மேல். பார்ட்னர் பகுதியில் நடந்ததை நீங்கள் ஊதலாமா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. என் கருத்து: அவர் கோணம் மறைந்திருந்து, தொடக்கம் முதல் முடிவு வரை நீங்கள் பார்த்திருந்து, அது ஆபத்தான அல்லது அப்பட்டமான மோதலாகவும் இருந்தால், அவருக்கு அரை நொடி கொடுத்துவிட்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணுக்கென்று விற்கும் பயிற்சிக் கருவிகள், செயலிகள் அந்தப் பயிற்சியில் உங்கள் மதிப்பெண்ணை உயர்த்தும். களத்தில் தீர்ப்பை மேம்படுத்தும் என்று நம்பிப் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று: எவ்வளவு தேர்ந்தாலும் இருவரால் பத்துப் பேரையும் பார்த்துவிட முடியாது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. 1988-89 சீசனிலிருந்து நிரந்தரமாக மூன்று நடுவர்களுக்கு மாறியது. இரண்டு பேர் நிற்கும் ஆட்டத்தில் ஏதோ ஒரு மூலை எப்போதும் திறந்துதான் இருக்கும். எந்த மூலையைத் திறந்துவிடுவது என்று தெரிந்தே தேர்ந்தெடுப்பதுதான் உங்களால் ஆவது. பந்து இல்லாத, ஆட்கள் நெருங்காத மூலையாக அது இருக்கட்டும்.

பழகுவதற்குச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. அடுத்து நீங்கள் பார்வையாளராகப் போகும் ஆட்டத்தில் பேஸ்லைனுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு முழுக் குவார்ட்டர், 10 நிமிடம், லீடின் பொறுப்பை மட்டும் பாருங்கள்; பந்து மேலே இருக்கும்போது அதைப் பார்க்கவே கூடாது. முதல் இரண்டு நிமிடம் வேதனையாக இருக்கும். வீட்டில் ஏதாவது ஆட்டத்தின் வீடியோவை ஓடவிட்டு, திடீரென்று நிறுத்தி, திரையைப் பார்க்காமல் ஐந்து டிஃபெண்டர்களும் எங்கே நின்றார்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் பார்ட்னரோடு ஐந்து நிமிடம் ஒதுக்கி, டிரைவ், பந்து மேல் வைக்கும் ஸ்கிரீன், ரீபவுண்டு மூன்றையும் மட்டுமாவது யாருக்கு யார் என்று பேசிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஆட்டத்தை யாரையாவது கைபேசியில் எடுக்கச் சொல்லுங்கள், பந்தை அல்ல, உங்களை மட்டும் படத்துக்குள் வைத்து. ஷூட் எழும்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் முகவாய் மேலே போகிறதா என்று பார்த்து, ஒரு குவார்ட்டரில் எத்தனை தடவை என்று குறித்துக்கொள்ளுங்கள். டிரெயிலாக நிற்கும்போது ஷூட்டர் இறங்கிய பிறகு கூடையைப் பார்க்க முகவாய் உயர்வது சரிதான். லீடாக நிற்கும்போது உயர்ந்தவற்றை மட்டும் எண்ணி, அடுத்த ஆட்டத்தில் அந்த எண்ணைக் குறைக்கப் பாருங்கள்.